கீபோர்டில் கை

கணினி லேபில் மாணவர்களுக்கு உதவும் பத்து உதவியாளர்களையும் சனிக்கிழமை காலையில் பிடித்து உட்கார வைத்ததிலேயே, அவர்களில் மூத்தவனான சீனியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் ஒதுக்காமல் பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சியாம். நாலு வருஷமாக லேபில் நிற்கிறவனுக்கு இதை ஒருவர் வந்து சொல்லித் தர வேண்டுமாக்கும்.

“மாணவங்க கீபோர்டைப் பிடுங்காதீங்க. அவங்க கையாலேயே திருத்த விடுங்க,” என்றார் பயிற்சி தர வந்த அம்மா.

“முப்பது பேர் காத்துக்கிட்டிருப்பாங்க மேடம். ஒவ்வொருத்தருக்கும் தாலாட்டு பாடிட்டிருக்க முடியுமா?” என்றான் சீனியர்.

அவர் இந்த வருஷம் சேர்ந்த உதவியாளப் பெண்ணை மாணவியாக நடிக்கச் சொல்லி, பிழையுள்ள ஒரு புரோகிராமைத் திறந்து வைத்தார். நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த லூப் அது. அவள் வாயெடுப்பதற்குள் சீனியர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பத்தே விநாடியில் சரிசெய்து, “முடிஞ்சுது. அடுத்தது யாரு?” என்றான்.

“தப்பு எங்கே இருந்துச்சும்மா?” என்று அவர் அவளைக் கேட்டார்.

“பாக்க விட்டாத்தானே தெரியும். போன வருஷம் நான் இவர் லேப்ல படிச்சப்பவும் இதே கதைதான். வீட்டுக்குப் போய் நானா முட்டி மோதிக் கத்துக்கிட்டேன்.”

யாரோ சிரித்தார்கள்.

“உனக்குப் பாஸ் போட்டதே தப்பு,” என்று சீறினான் சீனியர்.

அவள் கீபோர்டைத் திரும்ப இழுத்து, அவன் திருத்தியதையெல்லாம் பழையபடி மாற்றி ஓட விட்டாள். லூப் மறுபடி சுற்றத் தொடங்கியது.

“இப்போ சொல்லிக் குடுங்க சீனியர்,” என்றாள். “கையைக் கட்டிக்கிட்டு.”

சீனியர் வாயைத் திறந்தான். வார்த்தை வருவதற்கு முன் கைதான் கீபோர்டுக்குப் போனது.