பின்மூடி

வாட்சு மெஷினின் மூன்றாவது, கடைசித் திருகாணியைக் கழற்றப் போனபோதுதான் அந்தக் கீறலைப் பார்த்தேன். திருப்புளி வழுக்கினால் கீறல் விழுவது சகஜம். எனக்கும் விழும், வலப்பக்கமாக. இது இடப்பக்கமாக இழுத்திருந்தது. அதுவும் கடைசித் திருகாணியில், தேவைக்கு மேல் அரைச் சுற்று முறுக்கியதால். இடது கையால் திருப்புளி பிடித்து, எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்துவிட்டு, கடைசித் திருகாணியில் மட்டும் அவசரப்பட்டு, "ச்சே" என்று சொல்லிக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் ஒருவனை எனக்குத் தெரியும். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருடம் அவன் இடது முழங்கை என் வலது முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் கடைக்கு வருபவை நூறு வருடம் தாண்டிய அமெரிக்க பாக்கெட் வாட்சுகள். முதலாளி இணைய ஏலத்தில் கொத்தாக வாங்குவார். இப்போது யாரும் கோட்டுப் பையிலிருந்து சங்கிலியை இழுத்து மணி பார்ப்பதில்லை. ஆகவே வெள்ளிக் கூட்டிலிருந்து மெஷினை உருவி, புது எஃகுக் கூட்டில் வைத்து, தோல் பட்டை மாட்டிக் கைக்கடிகாரமாக்குகிறோம். சாவி கொடுக்கும் குமிழ் பன்னிரண்டாம் எண்ணருகே இருக்கும். கையில் கட்டினால் இடைஞ்சல். அதனால் மெஷினைக் கால் சுற்றுத் திருப்பி வைப்போம். சாவி மூன்றுக்கு வரும், ஆறில் இருந்த சின்ன விநாடி முள் ஒன்பதுக்குப் போகும். பின்பக்கம் கண்ணாடி, உள்ளே துடிப்பது தெரிய. காலிக் கூடுகளும் மூடிகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேரும். மாதம் ஒருமுறை வெள்ளி உருக்குபவர் வந்து எடுத்துப் போவார். செத்தவன் நெஞ்சை எடுத்து உயிரோடிருப்பவனுக்கு வைக்கிற வேலை என்று வாங்க வருபவர்களிடம் முதலாளி சொல்வார். எனக்கு அப்படியெல்லாம் தோன்றியதில்லை. கூடு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழுது பார்த்தவர் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் அடையாளத்தையும் தேதியையும் பொடியாகக் கீறிவைப்பார். வாட்சுக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியாது, அடுத்துத் திறப்பவனுக்கு மட்டும்தான். வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. வாயால் ஊதினால் ஆவி படிந்து கீறல்கள் எழும்பி வரும். ஆவி போனதும் அவையும் போய்விடும்.

ஊதினேன். யார் யாரோ வந்தார்கள். இரண்டு ஆங்கில எழுத்தும் 1911-உம். ஒரு நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வீடு. சதுரம், மேலே கூரை, கதவு கிடையாது. அந்த இடதுகைக்காரன், என் அண்ணன், பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான் வரைவான். கதவு எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க டீச்சர்" என்றானாம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அண்ணன் போய் ஏழு வருடம் ஆகிறது. ஒரு மதியம், "ஸ்பிரிங் வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனான். கண்ணில் மாட்டும் லென்ஸைக்கூட மேசையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான், ஐந்து நிமிடத்தில் திரும்புகிறவன் மாதிரி.

"என்னப்பா, மூடிக்கு முத்தமா?" என்றார் முதலாளி. "உனக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணம் பண்ணி வைக்கணும்."

நான் நாலாவது முறையாக ஊதிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அண்ணி கோர்ட்டுக்குப் போகிறார். ஏழு வருடம் தகவல் இல்லாதவனை இறந்தவனாக அறிவிக்கக் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அறிவித்துவிட்டால் அண்ணி மறுமணம் செய்துகொள்ளலாம். சலவைக் கடைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார், சொன்ன நேரத்துக்கு வருவார். அண்ணிக்கு அது போதும். பிரமாணப் பத்திரத்தில் அண்ணி ஒரு கையெழுத்து, சாட்சியாக நான் ஒரு கையெழுத்து. அவன் உயிரோடிருப்பதாக எங்களில் யாருக்கும் இதுவரை ஒரு தகவலும் இல்லை என்று அதில் இருக்கும். தகவல் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

மூடியை டப்பாவில் போட்டேன். பிறகு எடுத்தேன். மெஷினைப் புதுக் கூட்டில் வைத்து ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பழுது பார்த்திருந்தான். கண்ணாடி முதுகு வழியாக மூன்றாவது திருகாணி தெரிந்தது. மாற்றிவிடலாம், அதே அளவில் என்னிடம் வேறு இருந்தது. மாற்றவில்லை. அடுத்த மூன்று நாளும் என் வலது முழங்கையை ஒடுக்கி வைத்துக்கொண்டே வேலை செய்கிறேன் என்பதைக் கழுத்து வலித்த பிறகுதான் கவனித்தேன்.

புதன்கிழமை மதியம் அண்ணி ஃபைலோடு வந்தார்.

"நாளைக்குப் பத்து மணி, தம்பி. அடையாள அட்டை மறக்காதீங்க. போன தடவ வக்கீல் முன்னாடி தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னீங்களே, அப்படி நிக்காதீங்க."

மூடியை நீட்டினேன். "ஊதிப் பாருங்க அண்ணி."

"என்ன, வித்தை காட்டப் போறீங்களா?" சிரித்துக்கொண்டே ஊதினார். சிரிப்பு பாதியில் நின்றது. ஆவி போனதும் மறுபடி ஊதினார். அண்ணிக்கும் அந்த வீடு தெரியும். மளிகைச் சீட்டு ஓரத்தில், காலண்டர் தாளில், எங்கே இடம் கிடைத்தாலும் அண்ணன் கிறுக்கி வைப்பான்.

"என்ன தேதி இது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. வித்தவன்கிட்ட கேட்டேன். அவனும் ஏலத்துலதான் எடுத்தானாம். அதுக்கு மேல தெரியல."

பக்கத்தில் அண்ணனின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அண்ணி உட்காரவில்லை.

"கைல ஊசி இருந்திருக்கு," என்றார் மெதுவாக. "எழுத எடமும் இருந்திருக்கு. எவனோ ஒருத்தன் என்னைக்கோ தொறந்து பாப்பான்னு இதுல எழுதத் தோணியிருக்கு. எனக்கு ரெண்டு வரி எழுதத் தோணல."

"நான் பாப்பேன்னு எழுதியிருக்கலாம்."

"பாத்துட்டீங்க. அதுக்கு நான் என்ன பண்ணணும்? இன்னும் ஏழு வருஷம் உக்காரணுமா?"

 அண்ணி மூடியை விரல்களுக்கிடையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இந்த மூடியெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"உருக்கிடுவாங்க. இன்னைக்குச் சாயங்காலம் வருவாரு."

"டப்பா எது?"

கையைக் காட்டினேன். அப்போது முதலாளி பட்டை அளவு பார்க்கக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் டப்பாவுக்குள் வெள்ளி புரளும் சத்தம் கேட்டது. திரும்பியபோது அண்ணி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து மணி," என்றார், நிமிராமல்.

சாயங்காலம் உருக்குபவர் வந்து பையை விரித்தார். ஒரு நிமிடம் என்று சொல்லி டப்பாவை என் மேசையில் கவிழ்த்தேன். திறந்தவன் தன் அடையாளத்தைக் கீற வேண்டும், அதுதான் பழக்கம். உருகப் போவதாக இருந்தாலும் அந்த வீட்டுக்குக் கீழே கீறிவிடலாம் என்று ஊசியையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மூடியாக ஊதினேன். எழுத்துகள் வந்தன, எண்கள் வந்தன, முன்பின் தெரியாதவர்கள் வந்து போனார்கள், அந்த வீடு மட்டும் வரவில்லை. கடைசி மூடியில் படிந்த ஆவி ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கி, வெறும் வெள்ளி ஆனது. பக்கத்தில் கைக்கடிகாரம் கண்ணாடி முதுகைக் காட்டிக் கவிழ்ந்து கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. வலது முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, முதல் மூடியிலிருந்து மறுபடியும் ஊத ஆரம்பித்தேன்.