கல்லறைக்குப் பொறுக்கிய டைல்ஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த டைல்ஸ் கம்பெனிக்கு நிறம் பார்க்கும் கேமரா மிஷின் வந்து மூன்று வருடமாகிறது. இருந்தாலும் பூப்போட்ட சுவர் டைல்ஸை மட்டும் ஹெலன் பார்த்துச் சொன்னால்தான் பெட்டியில் அடுக்குவார்கள். ஒரே மண், ஒரே சாயம், ஒரே சூளைதான். ஆனாலும் வெள்ளை ஒரு நாள் பால் மாதிரி வரும், ஒரு நாள் லேசாக நீலம் அடிக்கும். அதைப் பிரிப்பதற்கு ஷேடு பார்ப்பது என்று பெயர். பத்தொன்பது வருடமாக ஹெலன் ஷேடு பார்க்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா வந்தது?

போன மாதம் ஊத்துக்கோட்டைக் கடைக்குப் போன லோடு ஒன்று திரும்பி வந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஷேடு. அந்த ஷிஃப்டில் மேசையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: ஹெலனும், ஆறு மாதம் முன்பு சேர்ந்த ஸ்நேகாவும். சூப்பர்வைசர் தணிகாசலம் இருவரையும் கூப்பிட்டு, யார் கலந்தது என்று கேட்டார்.

"நான் இல்ல சார். ஒவ்வொண்ணும் அக்காவாண்ட கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன்" என்றாள் ஸ்நேகா.

"அப்போ நான் இன்னா குருடியா?" என்றாள் ஹெலன். "போனைப் பாத்துக்கினே வேலை செஞ்சா இப்டித்தான் சார் ஆவும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை ஸ்நேகா கம்பெனி கேட்டுக்கு வெளியே, கதவைத் திறக்காமல் போன அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். கம்பெனி வேனிலிருந்து ஹெலன் அதைப் பார்த்தாள். பாவம்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் வந்தது. அவள் கணவர் யேசுதாஸ் இறந்தபின் வரும் முதல் திருநாள் அது. டைல்ஸ் ஒட்டுவதுதான் அவர் தொழில். ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் பூ ஒட்டிய மனுஷனை வெறும் மண்மேட்டின் கீழ் விட அவளுக்கு மனசு வரவில்லை. கம்பெனியில் மிச்சமாகக் கிடந்த மல்லிகை மொட்டு டைல்ஸில் அறுபதைக் கையால் தடவி, கண்ணால் பார்த்து, எல்லாம் பால் வெள்ளையாகத் தானே பொறுக்கினாள். யேசுதாஸின் கூட்டாளி பச்சையப்பன் முந்தின நாளே ஒட்டி முடித்திருந்தார்.

செவ்வந்தியும் மெழுகுவத்தியுமாக அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, நாத்தனார் சாராள் முன்னாடியே வந்து நின்றிருந்தாள்.

"நல்லா கீது அண்ணி. அங்கங்க நீலமும் கலந்து குடுத்துக்கீறியே, புது டிசைனா?"

"எங்க நீலம்?"

சாராள் சிரித்தாள். ஹெலன் சிரிக்கவில்லை. மூலையில் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்த பச்சையப்பன் நிமிர்ந்தார். "ஒட்டசொல்லோ நானும் பாத்தேன்மா, ரெண்டு கலரா கீதேன்னு. நீ பொறுக்குனதாச்சே, வேணும்னுதான் குடுத்துக்கீறன்னு அப்டியே வச்சிட்டேன்."

ஹெலன் குனிந்து பார்த்தாள். நல்ல வெயில். ஒட்டியதெல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது.

இரண்டு வரிசை தள்ளி, பெயர் தேய்ந்துபோன பழைய கல்லறை ஒன்று உண்டு. அதன் தலைமாட்டில் நான்கு சின்ன டைல்ஸ். மூன்றில் பூ, ஒன்றில் பாய்மரக் கப்பல். பழவேற்காட்டில் இடிந்த ஏதோ டச்சுக்காரர் வீட்டிலிருந்து வந்தவை என்பது யேசுதாஸின் கணக்கு. ஹெலன் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவளை இங்கேதான் கூட்டிவந்தார். "சீனாக்காரன் பீங்கானப் பாத்து ஆசைப்பட்டான் டச்சுக்காரன். அந்த மண்ணு அவனாண்ட இல்ல. தன் மண்ணு மேலயே வெள்ளையப் பூசி, பிரஷ்ஷால நீலத்துல எழுதிச் சுட்டான். பாரு, ஒரு பூ மாரி இன்னொண்ணு இல்ல. இந்த நீலத்த மனசுல வச்சிக்கோ, எந்த ஷேடும் உன்ன ஏமாத்தாது." அன்று முதல் அவளுக்கு நீலம் என்றால் அந்த நீலம்தான்.

அதன் முன்னால் போய் முழங்காலிட்டாள். பிரஷ் கோடு தெரிந்தது. கப்பல் தெரிந்தது. நீலத்தைக் காணோம், எல்லாம் சாம்பலாக இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

வெளிச்சம் பத்தவில்லை என்று இந்த வருடம் இரண்டு தரம் டியூப்லைட்டை மாற்றச் சொன்னது நினைவுக்கு வந்தது. 'அக்கா, இது எந்த ஷேடு?' என்று ஸ்நேகா ஒவ்வொன்றையும் நீட்டி நீட்டிக் கேட்டதும், 'அதே ஷேடுதான், போடு' என்று தான் நிமிராமல் சொன்னதும் நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுப் பச்சையப்பனிடம் கேட்டாள். "மிச்சம் கீதாண்ணே? ரெண்டு கலர்லயும் ஒண்ணொண்ணு குடு."

மறுநாள் காலை அந்த இரண்டையும் தணிகாசலத்தின் மேசையில் வைத்தாள். "சார், இது ரெண்டும் ஒரே ஷேடா?"

"இன்னா ஹெலனம்மா, வெளையாடுறீங்களா? இது வெள்ள, இதுல நீலம் அடிக்குது."

"எனக்கு ஒண்ணாத்தான் சார் தெரியுது. அந்த லோட கலந்தது நான்தான்."

தணிகாசலம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க. அந்தப் பொண்ணு போயாச்சு. அத நீக்குனு எழுதிக் குடுத்தது நான். கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்து பேசாம உக்காருங்க, யாருக்கும் தெரிய வேணாம்."

ஹெலன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்த இரண்டு டைல்ஸ் மேலேயே வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"சொல்லுங்கக்கா" என்றது ஸ்நேகாவின் குரல். ஹெலன் வாயைத் திறக்குமுன்பே, "நான் கேட்டுத்தானக்கா போட்டேன்?" என்றது.

"கேட்டம்மா" என்றாள் ஹெலன். "ஒவ்வொண்ணும் கேட்ட. எனக்குத்தான் தெரியல."