கவசத்துக்குள் வெள்ளை அங்கி

அப்பாவுக்குச் சாமுராய் கவசம் மாட்டிப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதுமே சிஹோவுக்கு அது பிடிக்கவில்லை. ஏற்பாடு செய்தவன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஷூகோ. கல்யாண விருந்தன்று வாசலில் வைக்க மாமனாரின் படம் ஒன்று வேண்டுமாம். அவனைக் குறை சொல்ல முடியாது. மாமனாரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

இரண்டு குடும்பமும் முதல்முறையாகச் சேர்ந்து ஐஸு என்கிற கோட்டை ஊருக்கு வந்திருந்தது. குடும்பம் என்றால் பெரிய கூட்டமில்லை. இந்தப் பக்கம் சிஹோவும் அவள் அப்பா தோகுஜியும், அந்தப் பக்கம் ஷூகோவும் அவன் அம்மா சனாயேவும். சனாயே கிமோனோ கட்டச் சொல்லித்தருகிற ஆசிரியை. ரயிலில் வந்த நேரம் முழுக்க அவர் முதுகு இருக்கையில் சாயவில்லை. தோகுஜி சோஷி என்கிற கடலோர ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். வண்டி கிளம்புவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, சம்பந்திக்குக் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தே காட்டிவிட்டார்.

"இது வாடையில்ல சம்பந்தி, எங்க ஊரு விலாசம்!" என்று சொல்லி அவரே சிரித்தார்.

சனாயேவும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மூடியது மூக்கைத்தான் என்று சிஹோ முடிவு கட்டிவிட்டாள். அவள் அப்படித்தான். அப்பா வாயைத் திறந்தால் மகள் தலையைக் குனிவாள். இந்தப் பயணம் மானம் போகாமல் முடிந்தால் போதும், அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

ஸ்டூடியோ கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சிவப்புக் கயிறு கோத்த கவசம் ஒரு மரத்தாங்கியில் நின்றது. கொம்பு வைத்த தலைக்கவசத்தைத் தோகுஜி தட்டிப் பார்த்தார். உடுத்திவிடுகிற பெண் வெள்ளை உள்ளங்கி ஒன்றை எடுத்துவந்தாள்.

"முதல்ல இதைப் போடணும் ஐயா. நான் கட்டிவிடறேன்."

"வேண்டாம்மா. நான் பனியனோட உன் முன்னாடி வந்து நின்னா அந்தக் கவசமே எந்திரிச்சு ஓடிடும். நானே கட்டிக்கிறேன்." அங்கியை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார்.

கைகளை விரித்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது அந்தப் பெண் சட்டென்று தரையைப் பார்த்தாள். படக்காரர் துடைத்து வைத்த லென்ஸை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். தோகுஜி வலது மடிப்பை மேலே போட்டுக் கட்டியிருந்தார். உயிரோடு இருப்பவர்களுக்கு இடது மடிப்புதான் மேலே வரும். வலது மேலே வருவது சவப்பெட்டியில் கிடத்தப்படுகிறவர்களுக்கு. அதுவும் வெள்ளைத் துணி.

சிஹோவுக்குக் காது வரை எரிந்தது. யார் முன்னால் செய்வதென்று ஒரு கணக்கே இல்லையா? ஒரு கிமோனோ ஆசிரியை முன்னாலா!

"அப்பா, என்ன கூத்து இது? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்துட்டு பொணம் மாதிரி நிக்கறீங்க. இன்னிக்கி ஒரு நாளாவது என் மானத்தை வாங்காம இருக்கக் கூடாதா?"

மெதுவாகத்தான் சொன்னாள். அறை சின்னது, எல்லோருக்கும் கேட்டது.

தோகுஜி குனிந்து தன் மார்பைப் பார்த்தார். வழக்கமான சிரிப்பு கிளம்பி பாதியிலேயே அடங்கியது.

"அட, ஆமா," என்றார். "நான் எங்க கிமோனோ கட்டறேன்? கடைசியா கட்டினது உங்கம்மாவுக்குத்தான். கை அதையே வெச்சிருக்கு போல." சனாயேவின் பக்கம் திரும்பி இடுப்பை மடித்து வணங்கினார். "மன்னிச்சுக்கணும் சம்பந்தி. நல்ல காரியத்துல அபசகுனமா வந்து நின்னுட்டேன்."

அம்மா இறந்து, வீட்டார் அவளுக்கு வெள்ளை அங்கியை உடுத்திய அன்று சிஹோ அந்த அறையில் இல்லை. ஆபீசிலிருந்து போன் என்று சொல்லிவிட்டு வெளியே போய், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பயம். உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனாயே எழுந்து தோகுஜியிடம் போனார். "நிமிருங்க. இதுல மன்னிக்க என்ன இருக்கு? எங்க வீட்டுக்காரருக்கு நானும் ஷூகோவும் சேர்ந்துதான் கட்டினோம். ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கற எனக்கு அன்னிக்கி முடிச்சு வரல. இவன் இல்லன்னா நான் அப்படியே உக்காந்திருப்பேன்." அவர் குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு சிஹோ இருந்தாளா?"

சிஹோ வாயைத் திறந்தாள்.

"இல்லாம?" என்றார் தோகுஜி. மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலுறை போட்டுவிட்டது இவதான். அம்மாவுக்குக் கால் சில்லுன்னு இருக்குன்னு தேச்சுத் தேச்சுப் போட்டா. நான் சும்மா கயிறு கட்டினேன், அவ்வளவுதான்."

அம்மாவின் கால் சில்லென்று இருந்தது சிஹோவுக்கு இன்றுதான் தெரியும்.

சனாயே அங்கியைப் பிரித்து, இடது மடிப்பை மேலே போட்டுக் கட்டிவிட்டார். அதன்மேல் கவசம் ஏறியது. தலைக்கவசத்தின் பாரத்தில் தோகுஜியின் கழுத்து உள்ளே போயிற்று. படக்காரர் எல்லோரையும் அவரைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

சனாயே சிஹோவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "என் பையன் குடுத்து வெச்சவன்மா. இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா பொய்யராகிவிடுவார். சொல்லாவிட்டால் இவள் நல்ல பெண்ணாகிவிடுவாள். அவள் கைகளை முன்னால் சேர்த்துக் குனிந்து வணங்கினாள். ரொம்பவும் குனிந்தாள்.

"எவ்வளவு மரியாதை பாரு," என்றார் சனாயே மகனிடம்.

"பொண்ணு கொஞ்சம் நிமிரணும்," என்றார் படக்காரர்.

"அவசரப்படுத்தாதீங்கப்பா," என்றது தலைக்கவசத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல். "அவ மெதுவா நிமிரட்டும். எனக்கு இது ஒண்ணும் பாரமா இல்ல."