வியாழக்கிழமை வாசகி

"வர்றவங்க ரெண்டு வாரம் வருவாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, அப்புறம் ஆளையே காணோம்," என்றார் பொறுப்பாளர். "ரெண்டு வருஷம் விடாம வர முடியும்னா மட்டும் கையெழுத்துப் போடுங்கக்கா."

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் இடம் அது. ஆறு மேஜைகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், உருப்படியாக ஏதாவது செய்யலாமென்று வந்திருந்தாள். இரண்டு வருஷம் என்றதும் பேனா கையிலேயே நின்றது. அப்போதுதான் ஜன்னலோர மேஜையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. கறுப்புக் கண்ணாடி, நரைத்த மீசை. பழைய மேனேஜர்!

ஒரு காலத்தில் அவருடைய அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக இருந்தாள். ஒரு கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் அவனுடைய அண்ணன் பெயர் அச்சாகிவிட்டது. அவள் திருத்திக் கொடுத்த தாளை மேஜையிலேயே போட்டுவிட்டு, திருத்தாத தாளை இயந்திரத்துக்கு அனுப்பியவர் மேனேஜர்தான். ஆனால் பன்னிரண்டு பேர் முன்னால் அவர் கத்தினார்: "கண்ணு தெரியலைன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!" அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். ஊரில் வேறெந்த அச்சகமும் அவளைச் சேர்க்கவில்லை. பத்தொன்பது வருஷம் சலவைக் கடையில் துணி மடித்தாள்.

கையெழுத்தை அழுத்திப் போட்டாள். "அவருக்கு நான் வாசிக்கிறேன்."

அவருக்குத் துப்பறியும் நாவல் என்றால் உயிர். வியாழன்தோறும் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். கொலைகாரன் யார் என்று தெரியப் பத்துப் பக்கம் இருக்கும்போது புத்தகத்தை மூடிவிடுவாள். "நேரமாச்சு சார்." அடுத்த வாரம் புதுப் புத்தகம். "அதை நூலகத்துல திருப்பிக் கொடுத்துட்டேனே!"

முதல் தடவை அவர் சிரித்தார். மூன்றாம் தடவை, "அந்த டாக்டர்தானே பண்ணினான்? அதையாவது சொல்லுங்கம்மா," என்று கெஞ்சினார். "ஞாபகமில்லையே சார்," என்றாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

தங்கையிடம் போனில் சொன்னாள். "போதும்க்கா, வயசான மனுஷன்," என்றாள் தங்கை.

"எனக்கு மட்டும் இளமை திரும்புதா?"

பதினான்கு மாதம் இப்படியே போயிற்று. காய்ச்சலோடுகூடப் போனாள், ஒரு வாரம் தவறவில்லை. ஒருநாள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க, நாலு பேரும் நின்னுட்டாங்க. என் மகன்கூட எட்டிப் பார்க்கிறதில்லை. நீங்க தெய்வம் மாதிரிம்மா."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பழிவாங்க வந்தவளைப் பீடத்தில் ஏற்றி வைக்கிறாரே!

"சார், ஒரு கல்யாணப் பத்திரிகையில அண்ணன் பெயர் அச்சாச்சே, ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் வெளிறியது. "நீ... நீங்களா?"

"திருத்தாத தாளை அனுப்பினது யாரு?"

"நான்தான்," என்றார் முணுமுணுப்பாக.

"எனக்குக் கேக்கலை. அன்னிக்குக் கத்தினீங்களே, அந்தக் குரல்ல சொல்லுங்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தப்பு என்னோடது! இந்தம்மா மேல பழியைப் போட்டு வேலையை விட்டு அனுப்பினேன்!" ஆறு மேஜையிலும் வாசிப்பு நின்றுபோனது. அவள் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாக அடைத்துக் கிடந்தது ஏதோ கரகரவென்று நகர்ந்தது. இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

"மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்லை," என்றாள்.

பொறுப்பாளரிடம் போய், "மேஜையை மாத்திக் குடுங்க. நான் வர்றதை நிறுத்தப் போறதில்லை," என்றாள்.

பக்கத்து மேஜையில் சட்டம் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். பார்வை கொஞ்சமும் கிடையாது. வாசிக்க ஆளில்லாமல் இரண்டு முறை தேர்வில் தவறியவள். தடித்தடியான புத்தகங்கள், ஒரு வரி புரிய மூன்று முறை வாசிக்க வேண்டும். சின்ன எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்புகளைக்கூட அவளுக்கு விடாமல் வாசித்துக் காட்டினாள். அச்சுப் பிழைகள் கண்ணில் பட்டால் அந்தப் பெண்ணிடம் சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள்.

இரண்டு வருஷம் முடிந்ததும், யாரும் கேட்காமலே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் தேர்வில் தேறினாள்.

ஜன்னலோர மேஜைக்கு வாசிக்க வருகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். வியாழன்தோறும் கிளம்பும்போது, அவள் குரல் வரும் பக்கம் திரும்பி மேனேஜர் கை கூப்புவார். அவள் வாசிப்பை நிறுத்த மாட்டாள்.