கழுவாத ஐந்தாம் தொட்டி

ரசாயனம் ஏற்றும் கப்பலில் சரக்கை ஏற்றினாலும், இறக்கினாலும், தொட்டியைக் கழுவினாலும் உடனே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது விதி. அந்தக் கப்பலில் எழுதுகிற பொறுப்பு முதன்மை அதிகாரியுடையது. பத்து வருஷமாக ஒரு வரிகூடப் பிசகாதவர் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் மனைவியின் தம்பிக்கு அதே கப்பலில் பம்ப் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்.

அந்தப் பயணத்தில் ஒரு நள்ளிரவில், அவர் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, ஐந்தாம் தொட்டியைக் கழுவும் இயந்திரம் பாதியில் மக்கர் பண்ணியது. அடுத்த துறைமுகத்தில் புதுச் சரக்கு காத்திருந்தது. "இன்னுமா முடியல?" என்று கேப்டன் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார். தூங்கி எழுந்து சரிசெய்து கழுவிவிட்டால் போயிற்று என்று நினைத்த முதன்மை அதிகாரி, 'கழுவி முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்தார். அடித்துப்போட்டாற்போல் தூக்கம்.

கூச்சல் கேட்டுத்தான் விழித்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், மேல்தளத்தில் மச்சானைக் கிடத்தியிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்டியின் அடியில் தேங்கியிருந்த கழுவுநீரைத் துடைக்க இறங்கியவன், அங்கேயே சுருண்டு விழுந்திருக்கிறான்.

"உள்ள காத்து இருக்கான்னு மீட்டர்ல பாத்துட்டுத்தான் சார் இறக்கினேன்," என்றான் இரண்டாம் அதிகாரி. "விஷ ஆவி இருக்கான்னு பாக்கல. கழுவியாச்சுன்னு நீங்களே எழுதியிருந்தீங்களே!"

துறைமுகம் வந்ததும் மச்சானை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது, நுரையீரல் வெந்துபோயிருந்தது. கேப்டன் முதன்மை அதிகாரியைத் தனியே அழைத்தார். "முகமூடி போடாம இறங்கிட்டான்னு சொல்லிடுவோம். தொட்டியத்தான் இப்ப கழுவியாச்சே, யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் தலையாட்டினார். மனைவி போனில் அழுதபோதும், "எப்படி ஆச்சுன்னே தெரியலம்மா," என்று வாய் கூசாமல் சொன்னார்.

மருத்துவமனையில் மச்சான் மூச்சுத் திணறத் திணறப் பேசினான். "மாமா... நான்தான் முகமூடி போடல. என்னால உங்க பேரு கெட்டுடுச்சா?"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லப்பா."

"மொதல்ல அவகிட்ட சொல்லுங்க."

வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றே கப்பலுக்குப் போனார். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பொய்யான வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, நடந்ததைப் பக்கத்தில் எழுதி, மறுபடி கையெழுத்திட்டு, விபத்தை விசாரிக்க வந்திருந்த அதிகாரியிடம் நீட்டினார். கேப்டன் அவர் முகத்தில் விழிக்கவில்லை. முதன்மை அதிகாரியின் உரிமம் முடக்கப்பட்டது. கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

மனைவி வந்து சேர்ந்தாள். தம்பியின் அறைக்குள் அவரை விடவில்லை. அவர் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மருந்துச் சீட்டு கொடுத்தால் வாங்கி வந்தார். ஒரு நாள் கதவைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"மூச்சுப் பயிற்சி பண்ண மாட்டேங்கிறான். நான் சொன்னா கேக்கல. நீங்க போய்ப் பாருங்க."

உள்ளே போனார். அவர் நீட்டிய, பந்து போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை மச்சான் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு அதன் குழாயில் மூச்சை இழுத்தான். உள்ளிருந்த பந்து கொஞ்சம் எழும்பி, பொத்தென்று விழுந்தது.

"இன்னொரு தடவை, மச்சான்," என்றார்.