கழற்றினாலும் திரும்பாத மெமரி

வேலை நேரத்தில் தங்கைக்குப் போன் செய்கிற ஆளே இல்லை அண்ணன். அன்று முற்பகலில் செய்தான்.

"உங்க மெஷினுக்கு என்னதான் ஆச்சு? விலாசத்தை டைப் பண்ணினா எழுத்து ஒவ்வொண்ணா நொண்டி நொண்டி வருது. இங்க ஜனங்க பதறிப்போய் லைன்ல நிக்கிறாங்க, குட்டி."

அவன் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுப்பவன். அந்த மையத்துக்கான கணினி தங்கையின் நிறுவனத்தில் இருந்தது. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் மென்பொருளாலேயே பல கணினிகளை உண்டாக்கி வாடகைக்கு விடுவது அவர்கள் தொழில். மெய்நிகர் கணினி என்பார்கள்.

அலுவலகத்தில் தங்கைக்கு நோண்டி என்று பெயர். காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டாள். அவளுடைய குழுத் தலைவருக்கோ ரீஸ்டார்ட் என்று பெயர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"அணைச்சுப் போட்டுடலாமா?" என்று அன்றும் ஆரம்பித்தார்.

"சார், அது ஆம்புலன்ஸ் மையம்! பட்டப்பகல்ல அணைச்சா என்ன ஆகும்?"

"அப்ப வேற மெஷினுக்கு நகர்த்திடு."

"அங்க போயும் இதே கூத்துதான் நடக்கும். மெமரி தீர்ந்துக்கிட்டே வர்றதாலதான் நொண்டுது. அது எங்க போகுதுன்னு முதல்ல தெரியணும்."

திரையில் மீதமிருக்கும் மெமரியின் வரைபடம் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சமமாகப் போகும். பிறகு சடாரென்று ஒரு படி இறங்கும். மெமரி எங்கோ ஒழுகுகிறது என்றால் சரிவாக அல்லவா இறங்க வேண்டும்? இது ஏன் படிகளாக? நோண்டி பக்கத்திலேயே பேக்கப் வேலைகளின் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு படிக்கும் நேராக ஒரு பேக்கப்! நகல் எடுக்க அந்த மெய்நிகர் கணினியில் ஒரு டிஸ்க்கை மாட்டுவார்கள். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுவார்கள்.

முதல் வேலையாகப் பேக்கப்பை நிறுத்தினாள். பிறகு சோதனைக்கென்று வைத்திருந்த கணினியில் ஒரு டிஸ்க்கை மாட்டினாள், கழற்றினாள். மெமரி கொஞ்சம் குறைந்தது. மறுபடி மாட்டினாள், கழற்றினாள். மறுபடி குறைந்தது.

"சார்! இங்க வாங்க, சீக்கிரம்!"

ரீஸ்டார்ட் நாற்காலியை விட்டு எழாமலே சக்கரத்தில் உருண்டு வந்து சேர்ந்தார். "இன்னொரு தடவை பண்ணு," என்றார். பண்ணினாள். "இன்னொண்ணு!" என்றார். அவருக்குக் குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

டிஸ்க்கை மாட்டும் நிரலையும் கழற்றும் நிரலையும் அருகருகே திறந்து இருவரும் தலையோடு தலை முட்டப் படித்தார்கள். மாட்டும்போது, 'இதைப் படி, இதை எழுது' என்று டிஸ்க்குக்கு வரும் கோரிக்கைகள் காத்திருப்பதற்கென்று ஒரு வரிசைக்கு மெமரி ஒதுக்கினார்கள். கழற்றும்போது மற்ற எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வரிசையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

"வீட்டைக் காலி பண்ணிட்டு ஒரு ரூமை மட்டும் பூட்டிட்டுப் போயிருக்காங்க சார்!" நோண்டிக்குக் கை பரபரத்தது. வரிசையை விடுவிக்கும் ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். மாட்டினாள். கழற்றினாள்.

சோதனைக் கணினி பொத்தென்று செத்தது.

ரீஸ்டார்ட் அவள் முகத்தைத்தான் பார்த்தார். நோண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. தண்ணீர் குடித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நாம் கழற்றச் சொன்னதுமே உள்ளே இருக்கும் கணினி கையை எடுத்துவிடுமா என்ன? கடைசிக் கோரிக்கையை அது அந்த வரிசையில்தானே எழுதிக்கொண்டிருக்கும்?

"அது இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே நான் நாற்காலியை இழுத்துட்டேன் சார்."

"அப்ப அது எழுந்திருச்சதும் இழு!"

உள்ளேயிருந்து 'விட்டுவிட்டேன்' என்று பதில் வந்த பிறகே ஓடும்படி அந்த வரியைக் கீழே நகர்த்தினாள். இந்த முறை தானாகவே மாட்டிக் கழற்ற ஒரு சின்ன நிரலை ஓட விட்டாள். மாட்டும்போது மெமரி குறைந்தது. கழற்றியதும் பழைய இடத்துக்கே ஏறியது. டிஸ்க் மாறி மாறி வந்து போயிற்று, கணக்கு இம்மியும் பிசகவில்லை. சாப்பாட்டு வேளை தாண்டியது யாருக்கும் நினைவில்லை. கணக்குப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்து பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"புது நிரலைப் பக்கத்து மெஷின்ல போட்டு, ஆம்புலன்ஸ் கணினியை ஓடஓட அங்க நகர்த்து. ஏதாவது ஆச்சுன்னா நான் பார்த்துக்கறேன்," என்றார் ரீஸ்டார்ட். அணைக்காமலே ஒரு கோளாறைத் தீர்க்க அவர் பொறுப்பேற்றது அதுவே முதல் முறை. குழு முழுக்கக் கைதட்டியது.

நகர்த்தல் தொடங்கியது. நோண்டி நகத்தைக் கடித்தாள். பாதி. முக்கால். கண் இமைக்கும் நேரம் எல்லாம் நின்றது. பிறகு பக்கத்து இயந்திரத்தில் கணினி ஓட ஆரம்பித்தது. பழைய இடத்தில் அந்தக் கணினிக்காக ஓடிய நிரல் முடிந்ததும், அது இத்தனை நாளாக விழுங்கி வைத்திருந்த மெமரி மொத்தமும் ஒரே மூச்சில் திரும்பி வந்தது. வரைபடம் செங்குத்தாக மேலே பாய்ந்தது. நோண்டி கத்திய கத்தலில் மேல் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"சாரி குட்டி, ஒரு பிரசவக் கேஸ். வண்டி வர்ற வரைக்கும் அந்த வீட்டுக்காரரோட பேசிக்கிட்டே இருந்தேன். பொண்ணு பொறந்திருக்கு! அந்த மனுஷன் அழறாரு, நானும் அழறேன்."

"சரி, சரி... நடுவுல ஸ்கிரீன் நின்னுச்சா? ஒரு குலுக்கலாவது தெரிஞ்சுதா?"

"என்ன குலுக்கல்? ஒண்ணும் தெரியலையே. ஏன், ஏதாவது பண்ணினீங்களா?"

"ஒண்ணுமே தெரியலையா?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

நோண்டி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைப் பார்த்துக் கூவினாள்: "சார், அவனுக்கு ஒண்ணுமே தெரியலையாம்!"