மன்னரின் மழுங்கிய காது

"காது தேஞ்சுபோச்சும்மா, பாரு…"

"தேயலை பாய், காசு அடிக்கும்போதே அச்சு அழுந்தி விழலை…"

"யாரோ விபூதி போட்டு வெளக்கியிருக்காவ!"

"விபூதி காதை மட்டுமா திங்கும்? மன்னரோட தாடி முடியை எண்ணிரலாம் போல நிக்கே!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் மைதீன் பிச்சையின் பழைய நாணயக் கடை. ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று நடுவில் கிடந்தது. ராஜபாளையத்திலிருந்து வேலை கேட்டு வந்திருந்தாள் நாகஜோதி. பத்து நாணயங்களுக்கும் சரியாகத் தரம் சொன்னால்தான் வேலை என்றிருந்தார் அவர். ஒன்பது சரியாகிவிட்டது, இது பத்தாவது.

"தேஞ்சிருந்தா மினுமினுப்பும்லா போயிருக்கும்? வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க" என்றாள்.

அவர் வாசலுக்குப் போய், லென்ஸை வைத்துக்கொண்டு வெயிலில் நாணயத்தைத் திருப்பினார். மன்னரின் கன்னத்தில் ஓடிய பளபளப்பு, மழுங்கிய காதின் மேலும் அறுபடாமல் ஓடியது. புழங்காத காசுதான்.

"ஆனாலும் மொத தரம் கிடையாது. அச்சு சரியா விழாததுக்கு ஒரு படி கீழதான்."

"அதைத்தான பாய் நானும் சொன்னேன்? நீங்கதான் நாலு படி இறக்கிட்டிய."

மைதீன் பிச்சை சிரித்துவிட்டார். நாணயத்தின் கவரில் தாம் எழுதியிருந்த தரத்தை அடித்துவிட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார்.

"காலையில ராஜபாளையத்துல இருந்து மொத பஸ் எத்தனை மணிக்கும்மா?"